கட்டு மாறும் சீட்டு

2025 மார்ச் 3. நல்கொண்டாவில் வாக்குச்சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து எண்ணியாயிற்று. ஆனால் யாருக்கும் வெற்றி இல்லை. தெலங்கானா மேலவையின் வாரங்கல்–கம்மம்–நல்கொண்டா ஆசிரியர் தொகுதி அது. பழைய உறுப்பினர் நர்சி ரெட்டிக்குப் பின்னால் யுடிஎஃப் ஆசிரியர் சங்கம். எதிரே நின்ற ஸ்ரீபால் ரெட்டிக்குப் பின்னால் பிஆர்டியு ஆசிரியர் சங்கம். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டவில்லை. அதன் பிறகுதான் சீட்டுகள் நடக்கத் தொடங்கின.

அரசியல் சட்டத்தின் 171ஆவது பிரிவு, மேலவை இடங்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறது. உழைக்கும் ஒரு கூட்டம் தன் தொழிலின் பெயராலேயே சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்ப முடிகிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான். 1986இல் மேலவை கலைக்கப்படும்வரை தமிழ்நாட்டிலும் இந்த இடங்கள் இருந்தன. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில் மூன்றாண்டு பாடம் நடத்தியவருக்கே வாக்கு. ஒன்று, இரண்டு என்று குழந்தையின் கைபிடித்து எழுதவைக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இல்லை. இது அநீதி என்றே நினைக்கிறேன்.

இந்தத் தேர்தலில் பொத்தான் இல்லை, காகிதச் சீட்டுதான். தேர்தல் அலுவலர் தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால், பிடித்தவருக்கு நேரே 1 என்றும், அவர் இல்லாவிட்டால் இவர் என்று 2, 3 என்றும் எழுத வேண்டும்.

ஆயிரம் செல்லுபடியான வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். வெல்ல 501 வேண்டும். கமலாவுக்கு 400, பாஷாவுக்கு 340, மேரிக்கு 160, ராமுவுக்கு 100. கடைசியில் நிற்கும் ராமு விலக்கப்படுகிறார். ஆனால் அவருடைய நூறு சீட்டுகள் குப்பைக்குப் போவதில்லை. அவற்றில் 2 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 70 பாஷாவின் கட்டுக்கும் 30 மேரியின் கட்டுக்கும் போகின்றன. பாஷா இப்போது 410. அடுத்து மேரி விலக, அவரிடமிருந்த 190 சீட்டுகளில் 110 பாஷாவுக்கு, 60 கமலாவுக்கு; மீதி 20 சீட்டுகளில் மேற்கொண்டு எண் எதுவும் இல்லை. பாஷா 520, கமலா 460. அறுபது வாக்கு பின்தங்கியிருந்தவர் அறுபது வாக்கில் வென்றுவிட்டார்! யாரும் மனம் மாறவில்லை. எல்லாம் முன்பே சீட்டில் எழுதப்பட்டிருந்தது.

சங்கத்தின் ஆதரவுக்கு இங்கே இரட்டைக் கனம். தன் வேட்பாளருக்கு 1 கேட்பது அதன் பாதி வேலை. வேறு சங்கத்துக்காரரிடம் போய், “உங்கள் ஆளுக்கே ஒன்று போடுங்கள் சார், இரண்டை மட்டும் எங்களுக்குத் தாருங்கள்” என்று கேட்பது மறுபாதி. நேற்றுவரை மல்லுக்கு நின்றவரிடம் இப்படிக் கேட்க வேண்டுமானால், ஓய்வூதியத்துக்கும் இடமாறுதலுக்கும் அவருக்காகவும் பேசியிருக்க வேண்டும்.

நல்கொண்டாவிலும் இப்படி விலக்கி, மாற்றி எண்ணிய பிறகே ஸ்ரீபால் ரெட்டி வென்றார்.

இந்த முறையின் வேரும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாமஸ் ரைட் ஹில் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்க, அவருடைய மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த பையனின் பக்கத்தில் போய் நின்றார்களாம். ஒருவனைச் சுற்றித் தேவைக்கு மேல் கூட்டம் சேர்ந்தால் சிலர் நகர்ந்து அடுத்தவனிடம் போவார்கள்; மிகச் சிலரே சேர்ந்தவனிடம் நின்றவர்களும் அப்படியே. அவருடைய மகன் ரோலண்ட் ஹில், பின்னாளில் அஞ்சல் தலைக்கு வழிகண்டவர், இந்த யோசனையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசேர்த்தார். 1840இல் அடிலெய்டு நகர மன்றத் தேர்தல் அதன்படி நடந்தது.

அந்தப் பையன்கள் காலால் நடந்தார்கள். நல்கொண்டாவில் அவர்களுக்குப் பதிலாகக் காகிதம் நடந்தது.