ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குதா? மூச்சுத் தசைக்கும் ஜிம் இருக்கு!

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? வண்டிகள் வராத அந்த நேரத்தில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரைக்கும் மொத்த ரோடும் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும்தான். அறுபதைத் தாண்டிய தாத்தாக்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே விறுவிறுவென்று நடப்பார்கள். அவர்களைத் தாண்டி ஜோராக ஓடிப்போன இளைஞர்கள், புது ஷூ, புது ஸ்மார்ட் வாட்ச் சகிதம், ஐந்தாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றுகொண்டிருப்பார்கள். அதில் ஒருவன் நான்.

என் சித்தி பொண்ணுக்கு 24 வயசு. முத்தியால்பேட்டையில் மூணாவது மாடியில் வீடு. போன வருஷம் ஒரு நாள் போனில் சொன்னாள்: “அண்ணா, படி ஏறி முடிச்சதும் கதவைத் திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது. எனக்கு ஸ்டாமினாவே இல்ல.”

நானும் பெரிய டாக்டர் மாதிரி, “மூச்சுத் தசைக்குப் பயிற்சி கொடு, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டேன். அந்த அறிவுரையில் பாதி சரி, பாதி தப்பு. எது சரி, எது தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூச்சை இழுப்பது நுரையீரல் இல்லை!

ஆச்சர்யமாக இருக்கிறதா? நுரையீரல் தானாக விரியாது. அது ஒரு ஸ்பான்ஜ் பை மாதிரி. அதை விரிய வைப்பது அதைச் சுற்றியிருக்கும் தசைகள். முக்கியமானது டயாஃப்ரம், தமிழில் உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கவிழ்த்து வைத்த குடை போல இருக்கும். மூச்சு இழுக்கும்போது அந்தக் குடை கீழே இறங்கும், விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள் கூண்டைத் தூக்கி விரிக்கும். உள்ளே இடம் கூடும், காற்று தானாக நுழையும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை வெளியே விட பெரிதாக உழைப்பு தேவையில்லை. ஓடும்போது, இருமும்போது வயிற்றுத் தசைகளும் சேர்ந்து காற்றை வெளியே தள்ளும்.

அதாவது, மூச்சு என்பதும் தசை செய்யும் வேலைதான். கை, கால் தசைக்கு எது பொருந்துமோ, அது இதற்கும் பொருந்தும். சுமை கொடுத்தால் பலம் கூடும். சும்மா விட்டால் குறையும்.

ஒரு உதாரணம். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூக்க வேண்டும். உங்களால் அதிகபட்சம் 30 கிலோதான் தூக்க முடியும் என்றால், அந்தச் சிப்பம் உயிரை எடுக்கும். 60 கிலோ தூக்குகிற ஆளுக்கு அதே சிப்பம் சாதாரணம். சிப்பத்தின் எடை மாறவில்லை, தூக்குகிறவரின் பலம்தான் வேறு. மாடி ஏறும்போது ‘மூச்சு வாங்குது’ என்று மூளை உணர்வதிலும் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. மூச்சுத் தசையின் மொத்த பலத்தில் எவ்வளவு பங்கு செலவாகிறதோ, அந்த அளவுக்குத் திணறல் தெரியும்.

மூச்சு திணறினால் கால் ஏன் தளருது?

கடுமையாக ஓடும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 10 முதல் 15 சதவிகிதம் வரை மூச்சுத் தசைகளுக்கே போய்விடும். அந்தத் தசைகள் களைத்துப் போனால் உடம்பு ஒரு முடிவெடுக்கும்: ‘கால் அப்புறம் ஓடட்டும், முதலில் மூச்சு நிற்கக் கூடாது.’ காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். கால் கனக்கும்.

இது வெறும் யூகம் இல்லை. 1997-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சைக்கிள் ஓட்டுபவர்களை முழு வேகத்தில் மிதிக்க வைத்துச் சோதித்தார்கள். ஒரு கருவி மூலம் மூச்சு இழுக்கும் வேலையைக் குறைத்தபோது காலுக்கு ரத்த ஓட்டம் கூடியது. மூச்சு இழுப்பதைக் கஷ்டமாக்கியபோது காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தது. ஆக, கடைசி ரவுண்டில் கால் ஒத்துழைக்காததற்குக் காரணம் கால் மட்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

நம்ம ஊர்லயே அளந்து பார்த்திருக்காங்க!

பயிற்சி கொடுத்தால் மூச்சுத் தசை பலமாகுமா? இதற்குப் பதில் தேடி வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். பஸ்ஸில் ஏறி கோரிமேடு ஸ்டாப்பில் இறங்கினால் போதும். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் அங்கேதான் இருக்கிறது. அதன் உடலியங்கியல் துறையில் டாக்டர் மதன்மோகனும் சகாக்களும் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகா பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளந்தார்கள். ஆய்வு 1992-ல் வெளியானது.

அளந்த விதம்தான் சுவாரஸ்யம். பழைய பி.பி மெஷினில் பாதரசம் ஏறுமே, அதே அளவுகோல்தான். மூச்சை முழு பலத்தோடு ஊதினால், உறிஞ்சினால் எத்தனை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வருகிறது என்று பார்த்தார்கள். இன்னொரு சோதனை, ஊதி ஊதிப் பாதரசத்தை 40-ல் ஏற்றி, அங்கேயே எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்த முடிகிறது என்பது. மூச்சுத் தசைக்கு வைத்த ‘பிளாங்க்’ போட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

முடிவு? மூச்சை வெளியே தள்ளும் அழுத்தம் சராசரியாக 93-லிருந்து 126 ஆனது. உள்ளே இழுக்கும் அழுத்தம் 72-லிருந்து 91 ஆனது. 40-ல் நிறுத்திப் பிடிக்கும் நேரம் 37 நொடியிலிருந்து 53 நொடி ஆனது. மூணே மாதத்தில்!

‘அதே மாணவர்களைத்தானே முன்னும் பின்னும் பார்த்தார்கள், ஒப்பிட இன்னொரு குழு வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2003-ல் வெளியான அதே துறையின் இன்னொரு ஆய்வில், 12 முதல் 15 வயது வரையான பள்ளி மாணவர்கள் 20 பேர் ஆறு மாதம் ஆசனமும் பிராணாயாமமும் செய்தார்கள். அதே வயதில் இன்னொரு 20 பேர் செய்யவில்லை. செய்தவர்களுக்கு மூச்சு அழுத்தம் தெளிவாகக் கூடியது. செய்யாதவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

வருஷா வருஷம் ஜனவரி 4 முதல் 7 வரை புதுச்சேரியில் சர்வதேச யோகா திருவிழா நடக்கும். கூட்டத்தோடு கூட்டமாக நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்த வித்தைக்கு நம்ம ஊர் லேபிலேயே நம்பர் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூணு பந்து கருவி… அது வேற, இது வேற!

கொரோனா சமயத்தில் வாங்கிய மூணு பந்து கருவி உங்கள் வீட்டு அலமாரியிலும் தூங்கிக்கொண்டிருக்கும். அதன் பெயர் ஸ்பைரோமீட்டர். ஆபரேஷன், நிமோனியா போன்றவற்றுக்குப் பிறகு நுரையீரலின் மூலை முடுக்கெல்லாம் காற்று போய் விரிவதற்காகக் கொடுப்பது. அதில் பெரிய சுமை கிடையாது. ஜிம் கணக்கில் சொன்னால் அது ஸ்ட்ரெச்சிங், வெயிட் இல்லை.

மூச்சுத் தசைக்கு வெயிட் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கருவி உண்டு. வாயில் வைத்து உறிஞ்சும் சின்னக் குழாய், உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. குறிப்பிட்ட பலத்தோடு உறிஞ்சினால்தான் வால்வு திறக்கும். ஸ்பிரிங்கை இறுக்கினால் சுமை கூடும். பொதுவாகச் சொல்லும் முறை: ஒரு வேளைக்கு 30 மூச்சு, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, குறைந்தது ஆறு வாரம். கடைசி நாலைந்து மூச்சு கஷ்டப்பட்டு முடிகிற அளவுக்குச் சுமை இருந்தால் சரி. அதிகபட்ச பலத்தில் 30 முதல் 50 சதவிகிதம் வரை என்பது வழக்கமான தொடக்கம்.

பலன்? 2002-ல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வில், ஏற்கெனவே நன்றாகப் பழகிய சைக்கிள் வீரர்களே ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு 40 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் 4.6 சதவிகிதம் வேகமாக முடித்தார்கள். 2021-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்த 50 வயதைத் தாண்டியவர்கள் தினமும் கடினமான 30 மூச்சு எடுத்தார்கள். ஆறு வாரத்தில் அவர்களின் மேல் பி.பி சராசரியாக 9 புள்ளிகள் குறைந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான். அதனால் ‘பி.பி மாத்திரையை நிறுத்திடலாம்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

ஒன்றை மனதில் வையுங்கள். இதனால் நுரையீரல் பெரிதாகாது. நடக்காமல், ஓடாமல், இதை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் ஃபிட்னஸும் வராது. இது சைடு டிஷ். மெயின் மீல்ஸ் நடை, ஓட்டம், நீச்சல்தான்.

கருவி இல்லாம ஆரம்பிக்கலாமா?

தாராளமா!

வயிற்று மூச்சு: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றின் மேல் ஒரு புத்தகம் வையுங்கள். மூக்கால் மூச்சு இழுக்கும்போது புத்தகம் உயர வேண்டும், நெஞ்சு அதிகம் அசையக் கூடாது. தினமும் ஐந்து நிமிடம். இது டயாஃப்ரத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும்.

குவித்த உதடு: மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். படி ஏறி மூச்சு வாங்கும்போது சட்டென்று கைகொடுப்பது இதுதான்.

நிற்கும் விதம்: ஓடி முடித்துத் திணறும்போது லேசாக முன்னால் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். டயாஃப்ரம் வேலை செய்ய வசதியாக இருக்கும்.

பேச்சு டெஸ்ட்: நடையோ ஓட்டமோ, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் தொடங்குங்கள். கடற்கரைச் சாலை தாத்தாக்களின் ரகசியம் இதுதான்!

தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்துங்கள். வேக வேகமாக மூச்சு விட்டு உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறினால் அப்படித்தான் ஆகும்.

நான் சொன்ன பாதித் தப்பு

இப்போது என் தங்கை கதைக்கு வருகிறேன். நான் சொன்னதை நம்பி ஆன்லைனில் கருவி வாங்கினாள். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தாள். மாடிப்படியில் ஒரு மாற்றமும் இல்லை. “அண்ணா, இப்ப நெஞ்சு வேற படபடன்னு அடிக்குது” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டரிடம் போனோம். அவர் முதலில் பார்த்தது மூச்சை இல்லை, கண்ணின் கீழ் இமையை. “இவ்ளோ வெளுத்திருக்கே!” என்றவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டும்.

ஆக்சிஜனைச் சுமந்துபோவது ஹீமோகுளோபின். லாரியே இல்லாமல் குடோனில் சரக்கை அடுக்கி என்ன பயன்? மூச்சுத் தசை எவ்வளவு பலமாக இருந்தாலும் ரத்தசோகை இருந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். இது அவள் ஒருத்தியின் பிரச்னையும் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ‘ஸ்டாமினா இல்ல’ என்று தன்னையே திட்டிக்கொள்ளும் எத்தனை பேர் இதில் இருப்பார்கள்?

அதனால் வரிசை முக்கியம். புதிதாக மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தால், முதலில் டாக்டர், பிறகுதான் பயிற்சி. ஆஸ்துமா, தைராய்டு, இதயப் பிரச்னை எல்லாவற்றுக்கும் மூச்சு வாங்குவது ஒரு அறிகுறி. நெஞ்சுவலி, படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், இருமலில் ரத்தம், மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே திணறல், இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடவே கூடாது.

சுமை வைத்த கருவியை, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த பிரச்னை வந்தவர்கள், காதுச் சவ்வு கிழிந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

தங்கை மூணு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். ஹீமோகுளோபின் ஏறியது. அதன்பிறகு அதே கருவியைத் தூசி தட்டி எடுத்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலைக்கு என்னோடு வருகிறாள். போன வாரம் டூப்ளே சிலை வந்ததும் நான் முழங்காலில் கை ஊன்றி நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, “என்னண்ணா, இன்னொரு ரவுண்டு?” என்றாள்.

குவித்த உதட்டோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை!