தொட்டிக்குள் இறங்கும் முன்...

ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் ஊரிலிருந்து இந்தச் செய்தி வந்துவிடுகிறது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும்தான் மாறும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்கினார், மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார், அவரும் எழவில்லை. மூன்றாவதாக இறங்கியவர் பெரும்பாலும் உறவுக்காரராக, தம்பியாகவோ மகனாகவோ இருப்பார். பிறகு தீயணைப்புத் துறையினர் வந்து உடல்களை வெளியே எடுப்பார்கள். 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று மறுநாள் பேப்பரில் வரும். நாமும் இன்னா லில்லாஹி சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இது தூரத்துச் செய்தி அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தோல் பதனிடும் தொழில் நடக்கும் ஊர்களில் முதலாளிகளிலும் தொழிலாளர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். பச்சைத் தோலில் இருக்கும் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அடுத்த கட்டங்களில் அமிலம் சேர்க்கிறார்கள். சல்பைடு கலந்த கழிவுநீரும் அமிலம் கலந்த கழிவுநீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அமிலம் சேராவிட்டாலும், தொட்டியின் அடியில் நாள்கணக்கில் கிடக்கும் சேறு அழுகி அதே வாயுவை உண்டாக்கும். வீட்டுக் கொல்லையில் இருக்கும் செப்டிக் டேங்கிலும் இதே வாயுதான். கூடவே மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கும்.

இந்த வாயுவின் குணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விபத்து புரிந்துவிடும். இது காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே வராமல் தொட்டியின் அடியிலேயே தங்கும். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்குள்ளேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் அளவு 100 பங்கைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று அனுபவசாலிகள்கூட நினைப்பது இந்த இடத்தில்தான். 500 பங்குக்கு மேல் போனால் ஆள் சரிந்துவிடுவார். ஆயிரத்தைத் தாண்டினால் ஓரிரு மூச்சு போதும். கத்திக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

மேலே நிற்பவர் பார்ப்பது என்ன? இறங்கிய தோழர் சத்தமில்லாமல் விழுகிறார். வழுக்கி விழுந்துவிட்டார் போல என்று நினைத்து உடனே குதிக்கிறார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று குறிப்பிட்டிருந்தது. அதாவது வேலை செய்யப் போனவரைவிட, பாசத்தில் குதித்தவர்களே அதிகமாக இறந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் விதி என்று சொல்லி முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு. மவ்த்துக்கு நேரம் வந்துவிட்டால் தொட்டியென்ன, கட்டிலென்ன என்பார்கள். அஜல் அல்லாஹ்விடம் இருக்கிறது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார், அதற்குப் பதிலும் கிடைத்துவிட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பயணம் புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தகவல் வந்தது. அவர்கள் உடனே முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அடுத்து அன்ஸார்களைக் கேட்டார்கள், அவர்களிடமும் அப்படியே. பிறகு குறைஷி முதியவர்களைக் கேட்டபோது, மக்களை அந்த நோய்க்குள் கொண்டுபோக வேண்டாம், திரும்பிவிடுங்கள் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். திரும்புவது என்று முடிவானது. அபூ உபைதா (ரலி) அவர்கள்தான், அல்லாஹ்வின் விதியிலிருந்தா விரண்டோடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்த உமர் (ரலி) அவர்கள், ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் கிடக்கும் பள்ளத்தாக்கை உதாரணம் காட்டினார்கள். ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே? அதன் பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையக் கூடாது, அங்கே இருப்பவர் அதிலிருந்து தப்பி ஓடவும் கூடாது என்ற நபிமொழியை அறிவித்தார்கள்.

புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்தச் சம்பவத்தை கொரோனா காலத்தில் எல்லா மிம்பர்களிலும் கேட்டோம். தொற்றுநோய்க்கு மட்டுமான செய்தியாக அதைச் சுருக்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. ஆபத்து இருப்பதாகத் தகவல் வருகிறது, பயணம் நிற்கிறது, தெரிந்தவர்களிடம் கேட்கிறார்கள், யாருக்கு என்ன ஆகும் என்று எடைபோடுகிறார்கள், பிறகு முடிவெடுக்கிறார்கள். இன்று தொழிற்சாலைகளில் அபாய மதிப்பீடு என்று சொல்வது இதைத்தான்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் பழக்கமானது. நெபோஷ் படித்துவிட்டு சேஃப்டி ஆபீசராகப் போனவர் இல்லாத தெருவே நம் ஊர்களில் இல்லை எனலாம். எண்ணெய் நிறுவனங்களில் ஒரு டேங்குக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் முதலில் எழுத்துபூர்வமான பெர்மிட் வேண்டும். தொட்டிக்கு வரும் குழாய்களையெல்லாம் அடைத்துப் பூட்டு போட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை மேலே, நடுவே, அடியிலே என மூன்று மட்டங்களில் கருவியால் சோதிக்க வேண்டும். ஆக்ஸிஜன் சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்கும், 19.5க்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. இறங்குபவரின் உடம்பில் பெல்ட்டும் கயிறும் இருக்கும், கயிற்றின் மறுமுனை வாசலுக்கு மேலே நிறுத்திய முக்காலியில் இருக்கும். வாசலில் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். அவருக்கு வேறு வேலை எதுவும் கிடையாது, முக்கியமாக, என்ன நடந்தாலும் அவர் உள்ளே இறங்கக் கூடாது.

அதே பிள்ளை விடுமுறையில் ஊருக்கு வருகிறார். வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறது. வாப்பா தெரிந்த இரண்டு ஆட்களை வரவழைக்கிறார். கூலி பேசுகிறார்கள், மூடியைப் பெயர்க்கிறார்கள், ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டுகிறார். பிள்ளை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே சட்டமாக இருந்தது இங்கே ஞாபகத்துக்கே வருவதில்லை. இறங்குபவர் யாரோ ஒருவர், நம் வீட்டுப் பிள்ளை அல்ல என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கசப்பாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சட்டம் இங்கேயும் இருக்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆவது பிரிவு, விஷவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் ஆளை இறக்க நிபந்தனை விதித்திருந்தது. ஆள் வெளியேறப் போதுமான வழி இருக்க வேண்டும் என்றது. அதோடு, தகுதியுள்ளவர் சோதித்து இடம் பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும், அல்லது இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும் என்றது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு சிறை, இரண்டு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். இது காண்டிராக்டருக்கு மட்டுமல்ல, ஆளைக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் பொருந்தும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

அபாய மதிப்பீடு என்றதும் கட்டம் போட்ட தாளும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களும் நினைவுக்கு வரலாம். நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவார்கள். அந்தத் தாளில் தவறில்லை. ஆனால் இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை என்பவர் வாய்ப்புக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டுவிட்டால், மொத்தத் தாளும் பச்சையாகிவிடும். செப்டிக் டேங்கில் இருபது வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் அன்று சேறு கலங்காமல் இருந்ததாக இருக்கலாம். சேற்றை ஒரு முறை மிதித்துக் கலக்கினால் அடியில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். முதலில் சோதித்தபோது சரியாக இருந்த காற்று ஐந்து நிமிடத்தில் மாறிவிடும். அதனால்தான் வேலை முடியும்வரை கருவி ஆளோடு இருக்க வேண்டும் என்கிறார்கள்.

மதிப்பெண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஆள் இறங்கியே ஆகவேண்டுமா? உறிஞ்சும் லாரியால் முடியும் வேலைக்கு ஆள் எதற்கு? ஆபத்தை அடியோடு நீக்குவது முதல் வழி, அது முடியாதபோது வேறு முறைக்கு மாறுவது, அதற்குப் பிறகே காற்றோட்டம், பெர்மிட், பயிற்சி எல்லாம். மாஸ்க்கும் கையுறையும் வரிசையில் கடைசி. நம் ஊரில் இது தலைகீழ். ஒரு மாஸ்க்கை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். துணி மாஸ்க்கும் கொரோனா மாஸ்க்கும் வாயுவைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய விலையுயர்ந்த மாஸ்க்கும்கூட இல்லாத ஆக்ஸிஜனைத் தந்துவிடாது. அதற்கு சிலிண்டர் வைத்த சுவாசக் கருவிதான் வேண்டும்.

தோல் தொழிலில் இந்த வரிசை எப்படி வேலை செய்யும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. சல்பைடைக் குறைத்து நொதிகளால் முடி நீக்கும் முறைகளைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. சல்பைடு கழிவையும் அமிலக் கழிவையும் தனித்தனிக் குழாயில் கொண்டுபோவது அடுத்தது. தொட்டி கட்டும்போதே, ஆள் இறங்காமல் பம்பு வைத்துச் சேற்றை எடுக்கும்படி அடியைச் சரிவாகக் கட்டினால், இறங்கும் தேவையே பெருமளவு குறையும்.

யாருக்கு ஆபத்து என்ற கேள்வியும் அப்படித்தான், வேலை செய்பவரோடு அது நின்றுவிடக் கூடாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. இறந்த 10 பேரும் பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால்கூட, சுவருக்கு அந்தப் பக்கம் இரவில் ஆள் தூங்குகிறார்களே என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீருக்கும் இதே கேள்விதான். வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, கடுமையான பாதிப்பு வரும் என்ற அச்சம் இருந்தால், அறிவியல் முழு உறுதி கிடைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மீதே வைத்தது. தனக்கும் கேடு கூடாது, பிறருக்கும் கேடு செய்யக் கூடாது என்ற கருத்துள்ள நபிமொழியை ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்றாகப் படித்த நமக்கு இது புதிதல்ல.

வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவையான சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுக்குள் விளக்கையோ மெழுகுவர்த்தியையோ இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தால் அது அணையலாம், அவ்வளவுதான். விஷவாயுவை அது காட்டாது. செப்டிக் டேங்க் பக்கம் அதைக் கொண்டுபோனால் மீத்தேன் தீப்பிடிக்கும். தண்ணீர் இறைக்க டீசல், பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறையும், அதற்கு நாற்றமே கிடையாது. நிலத்தடி சம்ப் கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும். ரமலானுக்கு முன்னால் பள்ளியின் சம்ப்பைக் கழுவ உற்சாகமாக இறங்கும் வாலிபர்களிடம் நிர்வாகிகள் இதைச் சொல்ல வேண்டும். ஈரத் தொட்டிக்குள் ஒயர் இழுத்து பல்பு மாட்டுவதற்குப் பதில் டார்ச் போதும்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் மேலே இருப்பவர் இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று தெரியும், அதனால்தான் இப்போதே வீட்டில் பேசி வைக்க வேண்டும். 101க்கோ 112க்கோ அழைத்து, தொட்டிக்குள் ஆள் விழுந்திருக்கிறார், விஷவாயு இருக்கலாம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்; அப்போதுதான் சுவாசக் கருவியோடு வருவார்கள். இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் வெளியிலிருந்து இழுக்கலாம். கயிறு இல்லையென்றால், அவர்கள் வரும்வரை வெளிக்காற்றை உள்ளே செலுத்தப் பார்க்கலாம், அதுவும் மீத்தேன் இருக்கக்கூடிய செப்டிக் டேங்கில் தீப்பொறி வரும் சாதாரண மின்விசிறியை விளிம்பில் வைக்காமல்.

டேங்க் நிரம்பினால் கழிவுநீர் லாரிக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள், 14420 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. லாரி வந்ததும், அடியில் கெட்டியான சேறு கொஞ்சம் மிச்சமிருக்கிறது, ஓர் ஆள் இறங்கினால் சுத்தமாக எடுத்துவிடலாம், ஐநூறு ரூபாய் அதிகம் என்று ஓட்டுநர் சொல்லக்கூடும். வேண்டாம், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பழைய சேறு மிச்சமிருப்பதால் தொட்டிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர்கள் போனதும் பிள்ளைகள் விளையாட வருவதற்குள் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.