உங்களுக்குத் தெரியுமா? உருகாமலே மறையும் திடப்பொருள்கள்

பீரோவில் போட்ட அந்துருண்டை சில மாதங்களில் மிளகளவுக்குச் சுருங்கிவிடும்; துணியில் துளி ஈரம் இருக்காது. திடப்பொருள் திரவமாகாமல் நேரே வாயுவாவதுதான் காரணம். இதற்குப் 'பதங்கமாதல்' என்று பெயர்.

■ அந்துருண்டை: இதிலுள்ள நாப்தலீன் என்ற வேதிப்பொருள் உருக 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால், அதன் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வானது. எனவே, மேற்பரப்பில் இருப்பவை சாதாரண வெப்பத்திலேயே பிரிந்து காற்றில் கலக்கின்றன. பூச்சிகளைக் கொல்வது அந்த ஆவிதான். அதைச் சுவாசிப்பது குழந்தைகளுக்கும் கெடுதல்.

■ கற்பூரம்: டப்பா மூடியின் உட்புறம் வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆவியான கற்பூரம் மீண்டும் நேரே திடமாகிப் படிந்ததுதான் அது.

■ ஃப்ரீசர் ஐஸ்: பல வாரம் எடுக்காமல் விட்ட ஐஸ் கட்டிகள் சிறுத்துப்போகும். உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டி மெல்ல ஆவியாகிறது.

■ இன்ஸ்டன்ட் காபி: சில வகைகளில் டிகாக்‌ஷனை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை மட்டும் ஆவியாக்குகிறார்கள். அதிகச் சூடு படாததால் மணம் பெருமளவு தங்குகிறது.

■ உலர் பனிக்கட்டி: இது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78.5 டிகிரியில் நேரே வாயுவாகிவிடும். மேடைகளில் தவழும் வெண்புகை அந்த வாயு அல்ல. குளிர்ந்து நீர்த்துளியான காற்றின் ஈரப்பதம்.

எச்சரிக்கை: உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடக் கூடாது. பாட்டிலில் போட்டு மூடினால் வாயு பெருகி பாட்டில் வெடித்துவிடும்.