கட்டுவிரியன்: வலிக்காத கடி

ராஜஸ்தானின் தார்ப் பாலைவனக் கிராமங்களில் 'பீவ்ணா' என்றொரு பாம்பைப் பற்றிச் சொல்வார்கள். அது கடிக்காதாம். இரவில் தூங்குகிறவரின் மார்பில் ஏறி, அவர் விடும் மூச்சைக் குடித்துவிட்டுப் போய்விடுமாம். விடிந்து பார்த்தால் ஆள் பிணம். உடம்பில் காயமும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் கட்டுவிரியன் கடித்து இறந்தவரின் உடல் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஊரார் கண்டது சரி. சொன்ன காரணம்தான் தவறு.

நீலம் பாய்ந்த கறுப்பு உடல், பளபளக்கும் தோல், இரண்டிரண்டாக மெல்லிய வெள்ளை வளையங்கள், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். பகலில் எலிவளையிலோ செங்கல் குவியலிலோ தலையைச் சுருளுக்குள் புதைத்துக் கிடக்கும். சீண்டினாலும் சோம்பலாக நெளியும். இருட்டியதும் சுறுசுறுப்பாகிவிடும். எலி, பல்லி, தவளை, பிற பாம்புகள் என்று இரை தேடிக் குடிசைக்குள்ளும் நுழையும். பாயில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டு அதன்மேல் கையைப் போட்டால் கடிக்கிறது, அவ்வளவுதான். அடித்தவன் முகத்தை நினைவில் வைத்துப் பழிவாங்குவதெல்லாம் சினிமாப் பாம்புகள் செய்யும் வேலை.

இதன் பல் மிகச் சிறியது. எறும்பு கடித்த அளவுக்குக்கூடச் சிலருக்கு உறைப்பதில்லை. பலர் விழிப்பதே இல்லை. விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்துகொண்டு வலிக்கும், வாந்தி வரும். 'ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கவில்லை' என்று வீட்டில் சீரகக் கஷாயம் வைப்பார்கள், அல்லது சோடா வாங்கிவரச் சொல்வார்கள். அதற்குள் இமைகள் தாமாகத் தொங்கத் தொடங்கும். பார்வை இரண்டிரண்டாகும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும்.

நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் முனைகளைத்தான் இந்த விஷம் அழிக்கிறது. அதனால் உடல் அசையாமல் கிடந்தாலும் மூளை விழித்திருக்கக்கூடும். கண்மணி விரிந்து, அசைவே இல்லாமல் கிடக்கும் நோயாளியை மூளைச்சாவு அடைந்தவர் என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்து இருப்பதாக மருத்துவ நூல்களே எச்சரிக்கின்றன.

2001 செப்டம்பர் 11 அன்று வடக்கு மியான்மர் காட்டில், கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாம்பியலாளர் ஜோசப் ஸ்லோவின்ஸ்கியைக் கட்டுவிரியனின் நெருங்கிய உறவான ஒரு பாம்பு கடித்தது. வளையம் போட்ட விஷமற்ற பாம்பு என்று எண்ணி அவர் பைக்குள் கைவிட்டிருந்தார். மூச்சுத் திணறத் தொடங்கியதும் தோழர்கள் மாறி மாறி வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார்கள். ஒரு நாள் முழுக்க அவர் உயிரோடிருந்தது அதனால்தான். மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வந்துசேர முடியவில்லை. மறுநாள் இறந்தார். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அழிந்த நரம்பு முனைகள் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டும் வளர்ந்துவிடும். அதுவரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாம்பைப் பற்றி நம் ஊர்களில் உலவும் பேச்சுகளிலேயே கெடுதலானது, 'எட்டடி வைப்பதற்குள் உயிர் போய்விடும்' என்பதுதான். கடித்த பிறகு பெரும்பாலும் சில மணி நேரம் கிடைக்கிறது. எப்படியும் பிழைக்கமாட்டார் என்று நம்பும் குடும்பம் அந்த நேரத்தை மந்திரிப்பவரிடமும் விஷக்கல்லிடமும் இழந்துவிடுகிறது. மந்திரத்தில் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். அவர்களைக் கடித்தது விஷமற்ற பாம்பாக இருக்கும், அல்லது விஷம் இறங்காத கடியாக இருக்கும். கட்டுவிரியனைப் போலவே தோன்றும் ஓநாய்ப் பாம்பு வீடுகளில் சாதாரணமாகத் திரிகிறது, அதற்கு விஷமில்லை.

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுக்கிறார்கள். குதிரைகளுக்கு அதைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. நான்கு விஷத்துக்கும் ஒரே மருந்து. எனவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் விஷம் ஏற்கெனவே அழித்துவிட்ட நரம்பு முனையை இந்த மருந்தால் மீட்க முடியாது. சீக்கிரம் போடவேண்டும் என்பது அதனால்தான்.

கட்டிலில் படுப்பது நல்லது. வசதியில்லை என்றால், விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலை போதும், பாம்பு உள்ளே வராது. தரையில் படுத்தெழுந்தவர் காலையில் வயிற்றுவலி என்று சொல்லி, கூடவே இமையும் சொருகினால், கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். இரவு தரையில் படுத்திருந்தார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.