அழற்சியைத் தணிக்கும் தாவரச் சேர்மங்கள்

மலாக்கா மாநிலத்தின் தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் அசாம் பெடாஸ் மீன்குழம்பு பலருக்கும் பழக்கமான உணவு. அதில் சேரும் வெங்காயமும் கெசும் இலையும் காந்தான் பூவும் மணமும் சுவையும் தருகின்றன. அவற்றோடு ஃபிளேவனாய்டு எனப்படும் சேர்மங்களும் நம் உடலுக்குள் செல்கின்றன. இச்சேர்மங்கள் நோயெதிர்ப்பு உயிரணுக்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அறிவியலாளர் ஆராய்ந்து வருகின்றனர்.

கையில் முள் குத்தினால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இந்நான்கு அறிகுறிகளையும் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே பதிவு செய்துள்ளார். இதுவே அழற்சி. கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் எனும் வெள்ளணுக்கள் வேதிச் செய்திகளை வெளியிட்டு மற்ற உயிரணுக்களை உதவிக்கு அழைக்கின்றன. கிருமி அழிந்ததும் அழற்சி தணிய வேண்டும். தணியாமல் நீடித்தால் உடல் தன்னையே தாக்கிக்கொள்கிறது. முடக்குவாதத்தில் மூட்டுகள் சிதைவது இதனால்தான்.

காந்தான் பூ இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் அல்பினியா ராஃப்லெசியானா எனும் செடியும் உள்ளது. செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அச்செடியிலிருந்து கார்டமோனின் எனும் ஃபிளேவனாய்டைப் பிரித்தெடுத்தனர். ஆய்வகத்தில் தூண்டிவிடப்பட்ட மேக்ரோபேஜ்கள் வெளியிடும் அழற்சிப் பொருள்களின் அளவை அது குறைத்தது. இம்முடிவு 2006-ஆம் ஆண்டு வெளியானது.

ஆய்வகத் தட்டில் பயன் தரும் சேர்மம் உடலிலும் அப்படியே பயன் தருமா? வெங்காயத்திலுள்ள குவெர்செட்டினைச் சான்றாகக் கொள்வோம். வெங்காயத்தில் அது பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூற்றுடன் இணைந்திருக்கிறது. குடல் அச்சர்க்கரையை நீக்குகிறது. பின்னர்க் குடலும் கல்லீரலும் அதனுடன் வேறு மூலக்கூறுகளை இணைத்து, உடலிலிருந்து விரைவில் வெளியேறும்படி செய்கின்றன. ஆகவே, இரத்தத்தில் அதன் மூல வடிவம் மிகக் குறைவாகவே காணப்படுகிறது.

இத்தடையைக் கடக்கவே ஆய்வாளர்கள் ஃபிளேவனாய்டின் அமைப்பைச் சிறிது மாற்றிப் பார்க்கின்றனர். ஓர் அணுக்கூட்டத்தைச் சேர்த்தாலும் நீக்கினாலும், சேர்மம் நீரில் கரையும் தன்மையும் உயிரணுவுக்குள் நுழையும் திறனும் மாறக்கூடும். இம்முறையில் கிடைத்த மருந்துக்கு டயோஸ்மின் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஆரஞ்சுத் தோலிலுள்ள ஹெஸ்பெரிடின் எனும் ஃபிளேவனாய்டிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் டயோஸ்மின் கிடைக்கிறது. கால் நாளங்களில் இரத்தம் தேங்கி ஏற்படும் வீக்கத்திற்கும் மூலநோய்க்கும் இது பல நாடுகளில் மாத்திரையாக வழங்கப்படுகிறது.

எனினும், இத்தகைய மாற்றுச் சேர்மங்கள் பல இன்னும் ஆய்வக நிலையைத் தாண்டவில்லை. அழற்சியை அளவுக்கு மீறி அடக்கினால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். எனவே, விலங்குகளிடமும் பின்னர் மனிதர்களிடமும் பாதுகாப்பையும் தகுந்த அளவையும் சோதித்த பிறகே ஒரு சேர்மம் மருந்தாகிறது. காய்கறியும் கீரையும் உடல்நலத்திற்குத் துணை செய்பவை. அவற்றை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. உணவு வேறு, மருந்து வேறு என்பதை அறிந்து நடப்பதே அறிவுடைமை.