தொலைக்காட்சி அலைவாங்கிக்குப் புவித்தொடுப்பு

ஐப்பசி மாதத்துப் பிற்பகல். வானம் இருளுகின்றது, தூரத்தே இடி முழங்குகின்றது. வீட்டினுள்ளே பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றனர். அப்பெட்டியின் பின்புறத்தே தொடங்கும் வடமொன்று சுவரைத் துளைத்து மேலேறி, கூரை முகட்டையும் கடந்து நிற்கும் இரும்புக் குழாயின் உச்சியிலுள்ள அலைவாங்கியை அடைகின்றது. வானத்துக்கும் அப்பிள்ளைகளுக்கும் இடையே நாமே ஒரு பாதையை அமைத்து வைத்திருக்கின்றோம். அப்பாதையாற் கேடு வாராமற் காப்பது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

1753 ஆம் ஆண்டிலே சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் றிச்மன் என்னும் அறிஞர் மின்னலை ஆராயும்பொருட்டுக் கூரைமேல் ஓர் இரும்புக் கோலை நாட்டி, அதிலிருந்து கம்பியொன்றைத் தம் அறைக்குள் கொண்டுவந்தார். அக்கம்பி நிலத்தோடு தொடுக்கப்படவில்லை. இடிமழையின்போது கருவியை நோக்கிக் குனிந்த அவரை மின்னல் தாக்கிற்று. அவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். புவித்தொடுப்பில்லாத அலைவாங்கியுள்ள வீடும் ஏறக்குறைய அவ்வறையை ஒத்ததே.

மின்னலின் வலிமை எத்தகையது? ஒரு மின்னல் வீச்சில் ஏறத்தாழ 30,000 அம்பியர் மின்னோட்டம் பாயக்கூடும். அது நிலத்தை நாடியே வருகின்றது. நேரான, தடையற்ற வழியொன்றை வெளிப்புறத்தே அமைத்துக் கொடுப்பின், அதன் பெரும்பகுதி அவ்வழியே இறங்கும். அன்றியும், காற்றினாலும் மழைமுகிலினாலும் கம்பத்திற் சேரும் மின்னேற்றமும் அவ்வழியே மெல்ல மெல்ல வடிந்துவிடும்.

இதற்கு மூன்று தொடுப்புகள் வேண்டும். முதலாவது, கம்பத்துக்குரியது. கம்பத்தின் அடியிற் பூச்சையும் துருவையும் சுரண்டி நீக்கி, 16 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடைய செப்புக் கம்பியைப் பிடிகொளுவியால் இறுக்குதல் வேண்டும். அக்கம்பி வீட்டின் வெளிப்புறமாகக் கூடியவரை நேராக இறங்குவதாக. கூர்மையான வளைவுகள் ஆகா. மின்னல் வளைவைத் தாண்டிப் பாயும் இயல்பினது.

இரண்டாவது, வடத்துக்குரியது. அலைவாங்கி வடத்தின் நடுக்கம்பியைச் சூழ்ந்து வலைபோன்ற உலோக உறை இருக்கும். வடம் வீட்டினுள் நுழையுமுன்னரே அவ்வுறையையும் புவியோடு தொடுத்தல் வேண்டும். நடுக்கம்பியை நேரே தொடுப்பின் படம் தோன்றாது. ஆதலின் அதற்கெனச் செய்யப்பட்ட மின்னற்காப்புக் கருவியை அவ்விடத்திற் பொருத்துவர்.

மூன்றாவது தொடுப்பே பெரும்பாலும் மறக்கப்படுவது. கம்பத்துக்கெனத் தனியே ஒரு கோலைப் புதைத்துவிட்டு, வேலை முடிந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அக்கோலுக்கும் நிலத்துக்கும் இடையே 10 ஓம் தடை உளதெனக் கொள்வோம். 30,000 அம்பியர் பாயுங்கால் அக்கோலின் அழுத்தம் 3,00,000 வோற்று ஆகும். வீட்டு மின்னிணைப்பின் புவிக்கோலோ வேறோரிடத்தில் அவ்வழுத்தமின்றி நிற்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே வடத்தாலும் மின்கம்பியாலும் இணைந்திருப்பது தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. ஆகவே மின்னல் அதனூடாகவே பாயும். இரு கோல்களையும் தடித்த செப்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்துவிடின், இரண்டும் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழும். இடையிலுள்ள பெட்டி பிழைக்கும். இப்பிணைப்பைத் தகுதிபெற்ற மின்வினைஞரே செய்தல் வேண்டும்.

நிலத்தின் தன்மையையும் நோக்குதல் வேண்டும். ஈரமண்ணிற் கோல் நன்கு பயன்படும். யாழ்ப்பாணத்துச் செம்மண் நிலத்திலோ சில அடி ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அங்கே கோலைக் குறுக்கி வெட்டி நாட்டுதல் தவறு. நீண்ட பள்ளம் தோண்டிக் கடத்தியைக் கிடையாகப் புதைத்து, தடையைக் கருவியால் அளந்து உறுதி செய்தல் தக்கது. எரிவாயுக் குழாயோடு ஒருபோதும் தொடுத்தலாகாது. தண்ணீர்க் குழாய் பிளாத்திக்கினாலாயின் அதனாற் பயனேயில்லை.

கம்பத்தை நிறுத்துமுன் மின்சாரசபைக் கம்பிகள் எங்கே செல்கின்றன என்று பாருங்கள். கம்பம் எத்திசையிற் சாய்ந்தாலும் அக்கம்பிகளைத் தொடாத இடமே உரிய இடம். தெளிந்த வானத்தின் கீழும் உயிரைக் கொள்ளும் ஆபத்து இது.

இறுதியாக ஒன்று. புவித்தொடுப்பு தீங்கைக் குறைக்குமேயன்றி, நேராக விழும் இடியை வெறும் தூறலாக்கிவிடாது. மின்னலைக் கண்டபின் 30 விநாடிக்குள் இடியொலி கேட்குமாயின், அது 10 கிலோமீற்றருக்கு உட்பட்டது. அந்நிலை வருமுன்னரே பெட்டியின் மின்செருகியையும் அலைவாங்கி வடத்தையும் கழற்றிவிடுங்கள். கம்பத்தின் புவிக்கம்பியை மட்டும் எக்காலத்தும் கழற்றாதீர்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டதாயின், வடத்தைப் பிடுங்க ஓடாதீர்கள். பெட்டி எரிந்தால் வேறொன்று வாங்கலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்பால் விலகியிருங்கள்.

ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன் ஒருமுறை ஏணி வைத்தேறிப் பிடிகொளுவிகளைப் பாருங்கள். துருவேறித் தளர்ந்த ஒரு திருகாணி, ஏனைய ஏற்பாடுகள் அனைத்தையும் பயனற்றதாக்கிவிடும்.