கிளினிக் கொப்பியில் இரண்டு இலக்கங்கள்

கடந்த மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றேன். விடிய ஐந்தரைக்கே போய் நம்பர் எடுத்தால்தான் மத்தியானத்துக்கு முன் வீடு திரும்பலாம். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த அம்மா, பெயரைக் கூப்பிட்டதும் அவசரமாக எழுந்து போய் அமர்ந்தார். சட்டைக் கைக்கு மேலாகவே பட்டியைச் சுற்றினார்கள். கொப்பியில் 168/94 என்று எழுதப்பட்டது. வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லித் தானே திரும்ப அளந்தார். 144/86.

மேலே உள்ள இலக்கம், இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும்போது நாடிச் சுவரில் ஏற்படும் அமுக்கம். கீழே உள்ளது இதயம் தளரும்போது எஞ்சியிருக்கும் அமுக்கம். இரண்டும் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பேச்சு, பதற்றம், முட்டிய சிறுநீர்ப்பை, காலுக்கு மேல் கால் போடுவது, கையைத் தாங்கலின்றித் தொங்கவிடுவது என எல்லாமே அளவைக் கூட்டிக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டி போட்டாலும் அப்படித்தான்.

ஆகவே ஒரு நாள் அளவை வைத்து ஒருவரை நோயாளி ஆக்குவதில்லை. வெவ்வேறு நாட்களில் வைத்தியசாலையில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாக உயர் குருதி அமுக்கம் என்பார்கள். வீட்டில் அளந்தால் எல்லை 135/85. அமெரிக்க வைத்தியர்கள் 2017இல் இதை 130/80 ஆகக் குறைத்தார்கள். இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்புவது இதனால்தான்.

144 என்பதும் நல்ல அளவு அல்ல. வைத்தியர் மருந்தைக் கூட்டவில்லை. ஒரு கிழமை வீட்டில் அளந்து எழுதி வரச் சொன்னார். மேற்கையில் பட்டி சுற்றும் கருவி ஒன்றை வாங்கினோம். தேநீர் குடித்து அரை மணித்தியாலமாவது கழிந்த பிறகு, முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல். வெறும் தோலில் பட்டி. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. அம்மாவைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் பெரும்பாடு.

மூன்றாம் நாளே விடயம் வெளித்தது. முழங்கால் நோவுக்காக பாமசியில் டைக்குளோபினாக் வாங்கி இரண்டு மாதமாகப் போட்டு வந்திருக்கிறார். இவ்வகை நோவு மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அமுக்கத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கூடவே, 'நோமலாகிட்டுதுதானே' என்று பிரஷர் மாத்திரையையும் சில நாள் விட்டிருக்கிறார். நோமலாக்கியதே அந்த மாத்திரைதான். தலையிடி, தலைச்சுற்று எதுவும் இல்லை என்று பலர் இப்படி நிறுத்துகிறார்கள். உயர் அமுக்கத்துக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருப்பதில்லை. சிலருக்குப் பாரிசவாதம்தான் முதல் அறிகுறி.

உப்பும் இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே என்கிறது உலக சுகாதார நிறுவனம். கறியில் குறைத்துவிட்டுக் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், நூடில்ஸ் பைக்கற்றுக்குள் வரும் தூள் ஆகியவற்றைக் கணக்கில் விட்டுவிடுகிறோம்.

180/120 ஐத் தாண்டி, நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், முகம் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் பலவீனம் ஏதாவது இருந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். முகமோ பேச்சோ மாறினால் அளந்து பார்க்கவும் நிற்கவேண்டாம்.

இம்மாதக் கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டது நாங்கள் எழுதி வைத்த தாளைத்தான். டைக்குளோபினாக்கை நிறுத்தச் சொன்னார். பிரஷர் மருந்தின் அளவு மாறவில்லை.